டைடல் பார்க்குக்கு முன்னால் என்ன இருந்தது? ஓ.எம்.ஆர். பற்றிக் கேள்வி பதில்

1998இல் மவுண்ட் ரோட்டில் ஒரு மாடி அலுவலகத்தில் புரோகிராமராகச் சேர்ந்தேன். 2002இல் அலுவலகம் தரமணிக்கு மாறியது. நானும் ஓ.எம்.ஆர்., அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் துரைப்பாக்கத்துக்குக் குடிவந்தேன்; இன்றும் அங்கேதான். ஒரு ஊர் எப்படி ஐ.டி. ஊராகிறது என்று கேட்டு வந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். நீளமான சில கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

பாளையங்கோட்டை, பொறியியல் மாணவர்: அக்கா, டைடல் பார்க் கட்டின பிறகுதானே ஓ.எம்.ஆர். வளர்ந்தது? மாவட்டத்துக்கு ஒன்று அதே மாதிரி கட்டினால் போதாதா?

தம்பி, டைடல் பார்க் திறந்தது 2000 ஜூலையில். தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் எலக்ட்ரானிக்ஸ் கழகமான எல்காட்டும் சேர்ந்து கட்டியது; இரண்டு பெயரையும் ஒட்டித்தான் 'டைடல்'. 13 மாடி, ஏறத்தாழ 12.8 லட்சம் சதுர அடி. அவ்வளவு இடமும் நிரம்பியது என்றால், உள்ளே உட்கார ஆள் ஏற்கெனவே ஊரில் இருந்தார்கள். அந்த ஆள் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

கிண்டி பொறியியல் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாக ஆரம்பித்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949, ஐ.ஐ.டி. 1959. இவை மூன்றும் நல்ல என்ஜினியர்களைத் தந்தன, ஆனால் எண்ணிக்கை குறைவு. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தபோதுதான் கதவு அகலத் திறந்தது. அந்தக் கல்லூரிகளின் தரம் பற்றி இன்றுவரை குறை சொல்கிறார்கள், பாதி நியாயமான குறைதான். ஆனாலும் தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, எங்கள் வீட்டில் முதல் பட்டதாரியாக, நான் அப்படி ஒரு கல்லூரியில்தான் படித்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட லேபில் நாலு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். என்னைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் சென்னைக்கு வந்து இறங்கினோம்.

அந்த நேரம் பார்த்து ஒய்டூகே வேலை வந்தது. கோபோல் என்ற கணினி மொழியில் எழுதிய பழைய புரோகிராம்களில் வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். 2000 பிறப்பதற்குள் எல்லாவற்றையும் திருத்தியாக வேண்டும். மேன்ஷனில் தங்கி மூன்று மாதத்தில் கோபோல் படித்துவிட்டு அமெரிக்கா போனவர்களை எனக்குத் தெரியும். மவுண்ட் ரோடு அலுவலகத்தில் எங்கள் நாற்பது பேருக்கும் சேர்த்து ஒரே 64 கேபிபிஎஸ் லைன். பகலில் ஃபைல் நகராது. ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்ப ஆரம்பித்து, பாதியில் அறுந்துவிடுமோ என்று ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் சுமார் 3,200 கி.மீ. கேபிள் வந்ததற்கு எங்களைப் போல் சந்தோஷப்பட்டவர்கள் இருக்க மாட்டார்கள்.

ஆள், வேலை, லைன் மூன்றும் இருந்த ஊரில் கட்டடம் வந்தது. அதனால் பிடித்துக்கொண்டது. நாற்றங்கால் இல்லாத ஊரில் வயலை மட்டும் உழுது வைத்து என்ன செய்வது?

ஓசூர் வாசகர்: பெங்களூரு ஏன் நம்மை முந்தியது? அரசியல்தானே காரணம்?

அரசியலைவிட அரசு ஃபேக்டரிகள் பெரிய காரணம் என்பேன். இந்திய அறிவியல் நிறுவனம் அங்கே 1909இல் வந்துவிட்டது. விமானம் தயாரித்த எச்.ஏ.எல். 1940, டெலிபோன் தயாரித்த ஐ.டி.ஐ. 1948, ரேடார் தயாரித்த பி.இ.எல். 1954. எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த கைகள் ஒரே ஊரில் நாற்பது வருடமாகக் குவிந்திருந்தன. 1985இல் அமெரிக்க சிப் கம்பெனியான டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வடிவமைப்பு மையம் போட வந்தபோது, தேடிய மாதிரி ஆள் அங்கே தயாராக இருந்தார்கள்.

நம் பக்கம் குவிந்தது வேறு திறமை. பெரம்பூர் ரயில் பெட்டி, ஆவடி டாங்கி, எண்ணூர் லாரி. அது வீண் போகவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஃபோர்டும் ஹூண்டாயும் வந்ததற்கும், கார் கம்பெனிகள் தங்கள் வடிவமைப்பு வேலையைச் சென்னையில் வைத்திருப்பதற்கும் அந்தப் பழைய பட்டறைகளே அடித்தளம்.

சேலம், ஆடிட்டர்: வரிச்சலுகை நின்றுவிட்டால் கம்பெனிகள் கிளம்பிவிடாதா?

மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்களுக்கான எஸ்.டி.பி.ஐ. திட்டத்தின் வருமான வரி விலக்கு 2011 மார்ச்சோடு முடிந்தது. சிலர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு மாறினார்கள். அங்கேயும் புது யூனிட்டுகளுக்குச் சலுகை 2020இல் நின்றது. ஓ.எம்.ஆர். காலியாகவில்லையே. சலுகை ஒரு கம்பெனியை வாசல் வரைக்கும் கூட்டி வரும். ஐந்தாவது வருடமும் அது இருப்பது, வேண்டிய ஆள் வேண்டிய நேரத்தில் கிடைப்பதால்தான்.

விழுப்புரம் வாசகர்: எங்கள் ஊரில் மினி டைடல் வந்திருக்கிறது. பக்கத்தில் மனை வாங்கலாமா மேடம்?

வீடு கட்டிக் குடியிருக்க என்றால் வாங்குங்கள். ஐ.டி.யால் விலை ஏறும் என்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். விழுப்புரம், சேலம், தஞ்சாவூரில் 2024இல் திறந்தவை ஒவ்வொன்றும் 55–63 ஆயிரம் சதுர அடி அளவு. தலைக்கு நூறு சதுர அடி வைத்தால் ஐந்நூறு, அறுநூறு நாற்காலி. ஊர்ப் பிள்ளைகளுக்கு நல்ல ஆரம்பம் அது. மனை விலையைத் தூக்கி நிறுத்த அது போதாது.

சென்னை, பெயர் வேண்டாம் என்று எழுதியவர்: எட்டு வருடம் வேலை பார்த்த கம்பெனியை விட்டு, நண்பர்களோடு அதே துறையில் தனியாக ஆரம்பிக்கப் போகிறேன். மேனேஜர் 'உப்பிட்டவர்களுக்குத் துரோகம்' என்கிறார். தூக்கம் வரவில்லை.

உங்களுக்குத்தான் அதிகம் எழுதப்போகிறேன், ஏனென்றால் ஓர் ஊர் மையமாவதும் ஆகாததும் உங்களைப் போன்றவர்கள் கையில் இருக்கிறது.

1957இல் கலிபோர்னியாவில் ஷாக்லி என்ற நோபல் விஞ்ஞானியின் லேபிலிருந்து எட்டுப் பேர் ஒன்றாக வெளியேறினார்கள். அவர்களுக்கும் 'துரோகி எண்மர்' என்றுதான் பெயர் விழுந்தது. அவர்கள் தொடங்கிய ஃபேர்சைல்டிலிருந்து இரண்டு பேர் பிரிந்து 1968இல் இன்டெல் ஆரம்பித்தார்கள். இன்னும் பலர் பிரிந்து பல கம்பெனி போட்டார்கள். பெரும்பாலோர் ஊரைவிட்டுப் போகவில்லை. ஒரே பள்ளத்தாக்கில் அடுத்தடுத்த தெருவில் கடை விரித்தார்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கு பெருகியது அப்படித்தான்.

நம்மூரிலும் பாருங்கள். 1996இல் ஶ்ரீதர் வேம்புவும் மற்றவர்களும் அட்வென்ட்நெட் என்று ஆரம்பித்த மென்பொருள் கம்பெனி பின்னால் ஸோஹோ ஆனது. அங்கே வேலை பார்த்த கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010இல் வெளியே வந்து ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கினார்கள். அது ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகி 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானபோது, கையில் பங்கு வைத்திருந்த ஊழியர்கள் ஐந்நூறு பேருக்கு மேல் கோடீஸ்வரர் ஆனார்கள். சார்ஜ்பீ என்ற கம்பெனியை ஆரம்பித்தவர்களிலும் ஸோஹோ ஆட்கள் உண்டு. சந்தாக் கட்டணத்துக்கு மென்பொருள் விற்கும் தொழிலை ஒரு கம்பெனியில் கற்று, அதே ஊரில் இன்னொன்று போட்டார்கள். மென்பொருளை மாத வாடகைக்கு விற்கும் தொழிலில் சென்னைக்குப் பெயர் கிடைத்தது இதனால்தான்.

சட்டமும் உங்கள் பக்கம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27: ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. 'விலகிய பிறகு இரண்டு வருடம் இதே துறையில் நுழையக் கூடாது' என்ற வரி பெரும்பாலும் அதில் அடிபட்டுப்போகும். கலிபோர்னியாவிலும் இதே போன்ற சட்டம் அதே 1872இல் வந்ததுதான். இதை முதன்முதலில் படித்த அன்று நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் எல்லை உண்டு. கம்பெனியின் சோர்ஸ் கோட், வாடிக்கையாளர் பட்டியல், விலைப் பட்டியல் எதையும் தொடாதீர்கள், அது திருட்டு. வேலையில் இருந்துகொண்டே போட்டித் தொழில் செய்யாதீர்கள். நோட்டீஸ் காலத்தை முழுசாகப் பாருங்கள். பயிற்சி பாண்டு ஏதாவது போட்டிருந்தால் வக்கீலிடம் காட்டுங்கள். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துவிட்டு வந்தால், நீங்கள் சாப்பிட்ட உப்புக்குக் கணக்குத் தீர்ந்தது.

தென்காசி, ஆசிரியை: மத்தளம்பாறையில் ஸோஹோ வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் ஊரை மையம் என்று சொல்லலாமா?

இன்னும் இல்லை டீச்சர், ஆனால் ரொம்பப் பெரிய காரியம் நடந்திருக்கிறது. ஊரிலிருந்தே உலகத்துக்கு மென்பொருள் செய்யலாம் என்று கண்ணால் பார்த்த பிள்ளைகள் வளர்கிறார்கள். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்துப் பயிற்சி கொடுப்பதும் நல்ல வழி. ஆனால் ஒரு கம்பெனி மட்டும் இருக்கும் ஊரில், வேலையை விட்டால் ஊரையும் விட வேண்டியிருக்கிறது. அங்கிருந்து விலகிய ஒருவர் குற்றாலம் ரோட்டில் மாடி வாடகைக்கு எடுத்து பத்துப் பேரோடு தொடங்கினால், எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கோவை, பம்ப் தயாரிப்பாளர்: எங்களுக்கும் சரவணம்பட்டி இருக்கிறது. சென்னையைப் பார்த்து என்ன செய்ய வேண்டும்?

சென்னையை அப்படியே செய்ய வேண்டாங்க. உங்களிடம் ஃபவுண்டரி, மோட்டார், ஜவுளி இயந்திரம் இருக்கிறது, பி.எஸ்.ஜி., ஜி.சி.டி., சி.ஐ.டி. என்று பழைய கல்லூரிகள் இருக்கின்றன. சரவணம்பட்டி ஐ.டி. ஆட்கள் அமெரிக்க இன்ஷூரன்ஸ் வேலை செய்கிறார்கள், பத்து கிலோமீட்டர் தள்ளி நீங்கள் பம்ப் செய்கிறீர்கள், இரண்டு பேரும் சந்திப்பதே இல்லை. உங்கள் டெஸ்ட் பெஞ்ச் பக்கம் மாதம் ஒரு நாள் கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். எந்த பேரிங் எப்போது போகும் என்று சத்தத்தை வைத்துச் சொல்லும் உங்கள் ஃபிட்டரின் பக்கத்தில் அவர்களை நிற்க வையுங்கள்.

கண்ணகி நகர், கல்லூரி மாணவி: எங்கம்மா ஓ.எம்.ஆர்.ல ஒரு ஐ.டி. கட்டடத்துல ஹவுஸ்கீப்பிங். இருபது வருஷமா இங்க இருக்கோம். இந்த வளர்ச்சில எங்களுக்கு என்ன கிடைச்சது மேடம்?

கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை கண்ணு. 2000த்திலிருந்து சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் குடும்பங்களை எடுத்துக் கண்ணகி நகரில் வைத்தார்கள். பதினைந்தாயிரம் வீட்டுக்கு மேல். அதே வருடங்களில்தான் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களும் எழுந்தன. எங்கள் தளத்தில் காலை ஆறரைக்கு வந்து, நாங்கள் வரும் முன் நாலு வரிசை மேசை துடைத்துவிடும் அக்காவின் கழுத்து அட்டைக்கு வேறு நிற நாடா. பன்னிரண்டு வருடம் ஒரே தளத்தில் வேலை. அதற்குள் மூன்று கான்ட்ராக்டர் மாறினார்கள்; ஒவ்வொரு முறையும் அவர் 'புதுசாகச் சேர்ந்தவர்' ஆனார். இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போதே செய்யக்கூடியது: அம்மாவின் பி.எஃப். யு.ஏ.என். எண்ணை வாங்கி, பாஸ்புக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா பார். கான்ட்ராக்டர் மாறியபோது பழைய கணக்கு புதியதோடு சேர்ந்ததா பார். ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா கேள். பிடித்த பணத்தைக் கான்ட்ராக்டர் கட்டவில்லை என்றால், வேலை வாங்கும் பெரிய நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. விண்ணப்பங்களில் முகவரியைப் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்று உங்கள் பகுதிப் பிள்ளைகள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். ஓ.எம்.ஆர்.ல் ஆள் எடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், கையெடுத்துக் கேட்கிறேன், அதை நிறுத்துங்கள்.

வேளச்சேரி வாசகர்: வருடா வருடம் வெள்ளம். ஐ.டி.யால்தானே?

பங்கு உண்டு. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் இப்போது இருப்பதைப் போலப் பல மடங்கு பரந்து கிடந்தது. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழிந்தால் அங்கேதான் வந்து சேரும், பிறகு மெல்லக் கடலுக்கு வடியும். அதன்மேல் குப்பை மேடும் சாலையும் அடுக்குமாடியும் அலுவலகமும் ஏறிவிட்டன. 2022இல் ராம்சார் என்ற சர்வதேச சதுப்பு நில அங்கீகாரம் கிடைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெரும்பாக்கத்தில் படகு ஓடியது. 2019 கோடையில் அதே ஓ.எம்.ஆர்.ல் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார்கள். புதிதாக ஐ.டி. பார்க் கேட்கும் ஊர்கள் முதலில் தங்கள் ஏரி, வாய்க்கால் வரைபடத்தை எடுத்து மேசையில் விரிக்க வேண்டும்.

யாழ்ப்பாணம் வாசகர்: அக்கா, எங்களிட்ட கம்பஸ் இருக்கு, கிளிநொச்சியில எஞ்சினியரிங் பீடம் இருக்கு, கெட்டிக்காரப் பிள்ளையள் இருக்கினம். படிச்சு முடிச்சதும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போயிடினம். எதில இருந்து தொடங்கிறது?

எங்களுக்கு இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: டொரண்டோவிலும் லண்டனிலும் வேலை கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் உறவுகள். அவர்களிடம் நன்கொடை கேட்காதீர்கள், வேலை கேளுங்கள். அவர் கம்பெனியில் செய்ய வேண்டிய சின்னதாக ஒன்று, மூன்று மாதத்தில் முடிகிற மாதிரி. அதோடு, வெளிநாட்டில் பத்து வருடம் வேலை பார்த்த ஒருவர், ஒரே ஒருவர் போதும், திரும்பி வந்து ஊரில் உட்கார வேண்டும். வாடிக்கையாளரோடு பேசவும், பிள்ளைகள் எழுதும் புரோகிராமை வரி வரியாகப் பார்க்கவும். 1998இல் எங்கள் மவுண்ட் ரோடு அலுவலகத்தில் அப்படி ஒருவர் இருந்தார். நாற்பது பேருக்கும் அவர்தான் வாத்தியார். அந்த நாற்பது பேரில் நாலு பேர் பின்னால் தனியாகக் கம்பெனி வைத்தார்கள், நாலும் சென்னையில்.