நரம்பு டெஸ்ட் நார்மல், பாதம் மட்டும் எரிகிறது: படிவத்தில் எதைக் குறிப்பது?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன், வயது 63. 12 ஆண்டுகளாக நீரிழிவு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். இரவில் இரண்டு பாதமும் எரிகிறது. காலில் மின்சாரம் வைத்துப் பார்த்த நரம்புப் பரிசோதனை நார்மல் என்று வந்துவிட்டது. அப்புறமும் 15 கேள்விகள் உள்ள ஒரு படிவத்தைக் கொடுத்து ஆம், இல்லை என்று குறிக்கச் சொன்னார்கள். மெஷினே ஒன்றுமில்லை என்ற பிறகு நான் சொல்வதில் என்ன தெரியப்போகிறது? எதற்கு வம்பு என்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிட்டேன். சரிதானே?

பதில்: சரியில்லை ஐயா. அடுத்த முறை போகும்போது அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கி மறுபடி நிரப்புங்கள்.

உங்களுக்குச் செய்த பரிசோதனை பெரிய நரம்பிழைகள் எவ்வளவு வேகமாக, எவ்வளவு பலமாகச் செய்தி கடத்துகின்றன என்பதைத்தான் அளக்கும். எரிச்சல், சூடு, குளிர், குத்தல் இவற்றைக் கொண்டுபோகிற மெல்லிய இழைகள் அதில் அகப்படாது, நீரிழிவிலோ பலருக்கு ஆரம்பத்திலேயே கெடுவது இந்த மெல்லிய இழைகள்தான். அதனால் ரிப்போர்ட்டும் நார்மலாக இருக்கலாம், உங்கள் எரிச்சலும் உண்மையாக இருக்கலாம். தோலில் சிறு துண்டு எடுத்து அதிலுள்ள நரம்பிழைகளை எண்ணும் பரிசோதனை உண்டு, எல்லாருக்கும் அதைச் செய்வதில்லை. ஆக, நீங்கள் சொல்வதுதான் எங்களுக்குக் கிடைக்கும் முக்கியமான சான்று.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1994இல் வெளியான படிவம்போலத் தெரிகிறது. அதில் எல்லாக் கேள்வியும் ஒரே திசையில் போகாது. குளிக்கும்போது வெந்நீரா, குளிர்ந்த நீரா என்று தெரிகிறதா, நடக்கும்போது பாதம் இருப்பதை உணர முடிகிறதா என்ற இரண்டிலும் ‘இல்லை’ என்றால்தான் பாதிப்பு என்று மதிப்பெண் ஏறும். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டவர் உணர்ச்சியே போய்விட்டது என்று சொன்னதாகிறது, அதே தாளில் எரிச்சலும் இல்லை என்கிறார், இதை வைத்து எந்த டாக்டர் என்ன முடிவெடுக்க முடியும்? இன்னொன்று, போர்வை பட்டால் வலிக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். நம் ஊர் வெக்கையில் போர்வை ஏது என்று ‘இல்லை’ போட்டுவிடாதீர்கள், லேசாக எது பட்டாலும் வலிக்கிறதா என்பதுதான் கேள்வி, கைலி விளிம்பு உரசினாலோ விசிறிக் காற்று பட்டாலோ சுரீர் என்றால் ‘ஆம்’. முதலில் 7 மதிப்பெண்ணை எல்லையாக வைத்திருந்தார்கள், பிறகு வந்த ஆய்வில் 4 என்று வைத்தால் இன்னும் அதிகம் பேரைக் கண்டுபிடிக்கலாம் என்று தெரிந்தது. அதாவது ஒன்றிரண்டு பதில் மாறினாலே முடிவு மாறிவிடும்.

இது நீரிழிவுக்காரர்களுக்கான படிவம். கீமோ மருந்தால் கைகால் மரத்துப்போனவர்களுக்குத் தனியாக 20 கேள்விகள், கடந்த ஒரு வாரத்தை வைத்துக் கேட்பது. உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்பைத் தாக்கும் கியான் பாரே போன்ற நோய்களுக்கு 24 அன்றாட வேலைகளை வைத்து ஒன்று, செய்தித்தாள் படிப்பதில் தொடங்கி ஓடுவது வரை. அவரவர் நோய்க்கு அவரவர் படிவம், நண்பர் நிரப்பியதைப் பார்த்துத் தன்னுடையதை ஒப்பிட வேண்டாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறு. போன வருடம் எரிச்சல் பத்துக்கு 8, இப்போது 3 என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். மருந்து வேலை செய்தும் குறைந்திருக்கலாம், நரம்பு மேலும் செத்து உணர்ச்சியே போயும் குறைந்திருக்கலாம். வலி எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதனால்தான் மரத்துப்போனதையும் தனியாகக் கேட்கிறோம், பலதுறை மருந்தகத்தில் பாதத்தை மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பதும் அதற்குத்தான். செருப்பு நழுவியது தெரியவில்லை, உணவங்காடியிலிருந்து வீடு வந்து பார்த்தால் காலில் ரத்தம், இப்படி ஏதாவது நடந்திருந்தால் படிவத்தில் இடம் இல்லாவிட்டாலும் ஓரத்தில் எழுதுங்கள்.

கேள்வி ஆங்கிலத்தில் இருந்தால் மகனோ மகளோ வாசிக்கட்டும், பதிலை நீங்கள் சொல்லுங்கள். அப்பாவுக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை என்று பிள்ளைகள் குறித்துவிடுவது நிறைய நடக்கிறது. முந்தின இரவு எப்படி இருந்தது, தூக்கம் கெட்டதா என்று ஒரு வாரம் கைபேசியில் குறித்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

மெட்ஃபார்மின் நாள்பட எடுப்பவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அதுவும் இதே மாதிரி எரிச்சலும் மரப்பும் தரும். அந்த ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். பாதத்தில் புண், நிறமாற்றம் தெரிந்தால் அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே போங்கள். சில நாட்களுக்குள் கால் பலவீனம் மேலே ஏறிக்கொண்டே வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, படிவமெல்லாம் அப்புறம், 995ஐ அழையுங்கள்.