நோவா கம்யூனிட்டி காலேஜ்: எந்தக் கேம்பஸில் என்ன படிக்கலாம்?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் நார்தர்ன் வர்ஜீனியா கம்யூனிட்டி காலேஜை, அதாவது இரண்டு வருஷப் படிப்புக் கல்லூரியை, எங்கள் ஊர்ப் பக்கம் எல்லோரும் நோவா என்றுதான் சொல்வோம். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) வந்த புதிதில் நான் அங்கே படித்தேன். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் காத்திருக்கும்போது பலரும் அதைப் பற்றிக் கேட்பார்கள். இந்த முறை வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

ஸ்டெர்லிங்கில் வீட்டுக்குப் பக்கத்திலேயே லௌடன் கேம்பஸ் இருக்கிறது அக்கா. நர்ஸிங் அங்கேயே படிக்கலாமா?

முடியாதும்மா. நோவாவுக்கு அலெக்சாண்ட்ரியா, அன்னன்டேல், லௌடன், மனாசஸ், உட்பிரிட்ஜ், ஸ்பிரிங்ஃபீல்ட் என்று ஆறு கேம்பஸ். ஆங்கிலம், கணக்கு மாதிரி பொதுப் பாடங்களைப் பக்கத்துக் கேம்பஸிலோ ஆன்லைனிலோ முடித்துவிடலாம். லேப் வேண்டிய படிப்புகள் அப்படி இல்லை. நர்ஸிங் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் மருத்துவக் கல்வி கேம்பஸில். விலங்கு மருத்துவமனையில் வேலை பார்க்கும் டெக்னீஷியன் படிப்பு லௌடனில். கார் ரிப்பேர் அலெக்சாண்ட்ரியாவிலும் மனாசஸிலும். சேருவதற்கு முன் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஸ்பிரிங்ஃபீல்ட் வரை காரை ஓட்டிப் பாருங்கள். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போய்ச் சேர முடியுமா என்று அப்போது தெரிந்துவிடும்.

லௌடனில் டேட்டா சென்டர் படிப்பு இருக்கிறதாமே, கம்ப்யூட்டர் கோர்ஸா?

பெயரைக் கேட்டுப் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆஷ்பர்னில் ஜன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். அவைதான் டேட்டா சென்டர்கள், உள்ளே முழுக்க இணையத்துக்கான கம்ப்யூட்டர்கள். பக்கத்தில் நின்றால் குளிரூட்டும் மெஷின்கள் ஓயாமல் இரைவது கேட்கும். வெளியே வரிசையாக ஜெனரேட்டர்கள். மின்சாரம் ஒரு நொடி நிற்கக் கூடாது, சூடு ஏறக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களை உருவாக்கும் படிப்பு அது. எலக்ட்ரிகல், ஏசி வேலை தெரிந்தவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். சாஃப்ட்வேர் பக்கம் போக விரும்பினால் கிளவுட் (இணையம் வழியாகக் கம்ப்யூட்டர் வசதி தருவது) படிப்பைப் பாருங்கள். அமேசானின் கிளவுட் நிறுவனமான ஏடபிள்யூஎஸ்ஸோடு சேர்ந்து நோவா 2018-ல் அறிவித்த படிப்பு அது. ஊரில் எந்தத் தொழில் இருக்கிறதோ அதையொட்டிப் படிப்பை அமைக்கிறார்கள், இந்தக் காலேஜில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

மகன் இங்கே இரண்டு வருஷம் படித்துவிட்டு ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் போக ஆசைப்படுகிறான். இங்கே படித்த பாடங்களின் கிரெடிட் வீணாகுமா?

எந்த டிகிரியில் சேருகிறான் என்பதைப் பொறுத்தது. நோவா தரும் டிகிரிகளில் ஏ.எஸ்., ஏ.ஏ. இரண்டும் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கென்றே அமைத்தவை. ஏ.ஏ.எஸ். நேராக வேலைக்குப் போவதற்கு. அதிலுள்ள பல தொழில் பாடங்கள் பிறகு பி.எஸ். (நாலு வருஷ டிகிரி) கணக்கில் சேராமல் போகலாம். பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். அதைக் கவனிக்காமல் சேர்ந்து, அப்புறம் கூடுதலாக ஒரு வருஷம் படித்த பையனை எனக்குத் தெரியும். அந்தக் குடும்பம் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மேசன் என்று முடிவாகியிருந்தால் நோவாவும் மேசனும் சேர்ந்து நடத்தும் அட்வான்ஸ் திட்டத்தில் ஆரம்பத்திலேயே சேர்த்துவிடுங்கள். 2018 முதல் நடக்கிறது. எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் என்று நாலு வருஷத்துக்கும் ஒரே வரைபடம் கொடுப்பார்கள். வர்ஜீனியா டெக், யூவிஏ (வர்ஜீனியா பல்கலைக்கழகம்) போன்றவற்றோடும் உறுதிச் சேர்க்கை ஒப்பந்தங்கள் உண்டு. அதில் கேட்கும் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) வேண்டும். பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்றால் கேட்ட மேஜரும் (முதன்மைப் பாடம்) உறுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத் தனி விதிகளைப் படியுங்கள்.

நான் எச்-4. ஃபீஸ் அதிகமாகுமா?

எச்-4 என்பதற்காக மட்டும் இன்-ஸ்டேட் (மாநிலவாசிகளுக்கான குறைந்த) கட்டணத்தை மறுக்க மாட்டார்கள். வர்ஜீனியாவில் ஒரு வருஷமாவது நிலையாக வசிப்பதைக் காட்ட வேண்டும். லைசென்ஸ், வரித் தாள், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஃபெடரல் (மத்திய அரசு) உதவித்தொகை கிடைக்காது.

ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார், பல் இன்ஷூரன்ஸ் இல்லை. காலேஜில் பல் பார்ப்பார்கள் என்றார்களே?

ஸ்பிரிங்ஃபீல்ட் கேம்பஸில் பல் சுகாதார மாணவர்களின் கிளினிக்கில் வெளியாட்களுக்கும் குறைந்த கட்டணத்தில் பல் சுத்தம் செய்கிறார்கள். என் அம்மாவை அழைத்துப் போனேன். பல் பார்த்த மாணவி ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் கையைத் தூக்குவாள், ஆசிரியர் வந்து பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அடுத்தது. அவ்வளவு பொறுமையாக அம்மாவின் பல்லை ஊரில் யாருமே பார்த்ததில்லை. நேரம் பிடிக்கும், அரை நாள் ஒதுக்குங்கள். செமஸ்டர் நடக்கும்போதுதான் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும். மாமியாருக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே நன்றாகவே குளிரும்.