எஞ்சினியர் கையெழுத்துப் போட்ட விமானத்தைக் கப்டன் மறுக்கலாமா?

கேள்வி: நான் துணை விமானி. சில மாதங்களில் கப்டன் ஆகப்போகிறேன். எஞ்சினியர் சரி என்று கையெழுத்துப் போட்டுத் தந்த விமானத்தை நான் வேண்டாம் என்று சொல்லலாமா? சொன்னால் வேலைக்குச் சிக்கல் வருமா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: தாராளமாகச் சொல்லலாம், தம்பி. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கைக்கு 6ஆவது இணைப்பு என்று ஒன்று உண்டு. விமானம் பறக்கத் தகுதியானது என்று கப்டனுக்குத் திருப்தி ஏற்படாமல் பயணம் தொடங்கக் கூடாது என்கிறது அது. பராமரிப்புச் சான்று இருக்கிறதா என்று பார்ப்பதும் அதே பட்டியலில் வருகிறது. ஆக, எஞ்சினியரின் கையெழுத்து நீங்கள் சரிபார்க்க வேண்டியவற்றில் ஒன்று, அவ்வளவுதான்.

பழுது கண்ணுக்குத் தெரிந்தால் சண்டையே வராது. பிரேக்கில் தேய்மானம் காட்டும் சின்ன ஊசி இருக்கும். பார்க்கிங் பிரேக் போட்டிருக்கும்போது அது உள்ளே போய் மட்டத்தோடு மட்டமாக நின்றால் பிரேக்கை மாற்றியாக வேண்டும். யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

இழுபறி எல்லாம் எம்.ஈ.எல். விஷயத்தில்தான். எந்தெந்தக் கருவிகள் வேலை செய்யாதபோது பறக்க அனுமதி உண்டு, அப்படி எத்தனை நாளைக்கு என்று சொல்லும் புத்தகம் அது. பி வகைக் கோளாறுக்கு 3 நாள், சி வகைக்கு 10, டி வகைக்கு 120. "எம்.ஈ.எல். விடுகிறதே, பிறகென்ன கப்டன்?" என்று ஒப்பரேஷன்ஸிலிருந்து போன் வரும். எம்.ஈ.எல். தருவது அனுமதி, போயே ஆக வேண்டும் என்று அது சொல்வதில்லை. ஒக்டோபர் பின்னேரம், கட்டுநாயக்காவில் வானம் கறுத்து இடி முழங்குகிறது, வானிலை ராடர் செத்துக் கிடக்கிறது என்று வையுங்கள். காலை வெயிலில் நான் மறுபேச்சில்லாமல் எடுத்திருக்கக்கூடிய விமானம்தான். அந்த நேரத்தில் எனக்கு அது வேண்டாம்.

மறுப்பதை வாயால் மட்டும் மறுக்காதீர்கள். கண்ட குறையை டெக் லொக்கில், அதாவது விமானத்தின் பழுதுகளைப் பதியும் புத்தகத்தில், எழுதுங்கள். எழுதிவிட்டால், எஞ்சினியர் அதைத் திருத்தியோ விதிப்படி தள்ளிவைத்தோ கையெழுத்திடும்வரை விமானம் நகராது. 2018 ஒக்டோபர் 28 இரவு பாலியிலிருந்து ஜகார்த்தா வந்த லயன் எயார் விமானத்தில், கப்டன் பக்கத்து ஸ்டிக் ஷேக்கர், அதாவது விமானம் தூக்குவிசையை இழக்கப்போகிறது என்று எச்சரிக்கக் கட்டுப்பாட்டுத் தண்டை நடுங்கவைக்கும் கருவி, வழி நெடுக நடுங்கியது. வேகமும் உயரமும் ஒத்துவரவில்லை, ஒரு விளக்கு எரிந்தது என்று லொக்கில் எழுதினார்கள். நடுக்கம் மட்டும் அதில் இல்லை. எழுதியிருந்ததை எஞ்சினியர்கள் பார்த்துவிட்டு விமானத்தை விட்டார்கள். மறுநாள் காலை அது கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல. ஆனாலும் அந்த ஒரு வரி இருந்திருந்தால் என்று எனக்கு இன்றும் தோன்றும்.

வேலை விஷயம்? முகம் சுளிப்பார்கள். எனக்கும் சுளித்திருக்கிறார்கள். வேறு கப்டனைக் கூப்பிட்டு அதே விமானத்தைக் கொடுத்தாலும் கோபப்படாதீர்கள். அது அவருடைய தீர்ப்பு, நீங்கள் எழுதியதும் அவர் கண்ணில் படும். ஆனால் "மனசுக்குச் சரியாகப் படவில்லை" என்பதோடு நின்றுவிடாதீர்கள். எது, எவ்வளவு, எப்போது என்று எழுதுங்கள். அன்றிரவே பாதுகாப்பு அறிக்கையும் போடுங்கள்.

அப்புறம், பயணிகளிடம் நீங்களே மைக்கை எடுத்துப் பேசுங்கள். சென்னைக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போகிறவர்களிடம் 'டெக்னிக்கல் பிரச்சினை' என்று பூசி மெழுகினால் பதறுவார்கள். பிரேக் மாற்றுகிறார்கள், இரண்டு மணி நேரம் ஆகும் என்றால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.