வாசகர் கேள்வி: துணிக்கடையில் ஒரு புரட்சி

கேள்வி: உலக வரலாற்றில் தோன்றிய கருத்துகளே இன்றைய சமூகத்தை உருவாக்கின என்று கல்லூரியில் படிக்கிறோம். மக்களாட்சி, சோஷலிசம் போன்ற பெரிய சொற்களை விட்டுவிட்டு, அன்றாட வாழ்வில் கண்ணால் காணத்தக்க எடுத்துக்காட்டு உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: துணிக்கடையில் சட்டைத்துணியை அளந்து வெட்டும் மீட்டர் கோலைப் பாருங்கள், 'எல்லோரும் சமம்' என்ற பதினெட்டாம் நூற்றாண்டுக் கருத்துதான் அங்கே கோலாகக் கிடக்கிறது. புரட்சிக்கு முந்தைய பிரான்சில் அளவைகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. போதாததற்கு, குடியானவரிடம் தானியமாக வரி வாங்கிய நிலப்பிரபுவே அளக்கும் மரக்காலையும் வைத்திருந்தார்; அது வரவரப் பெரிதாகிறது என்பது ஓயாத புகார். 1789இல் ஊர்தோறும் எழுதி மன்னருக்கு அனுப்பப்பட்ட குறைப்பட்டியல்களில், நாடு முழுவதற்கும் ஒரே அளவை வேண்டும் என்ற கோரிக்கை திரும்பத் திரும்ப வருகிறது.

எந்த அரசனுக்கும் சொந்தமில்லாத அளவு வேண்டுமென்றால் அதைப் பூமியிடமிருந்தே பெற வேண்டும் என்று முடிவு செய்த அறிஞர்கள், வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கை மீட்டர் என்றார்கள்; மற்ற அளவுகளையும் பத்துப் பத்தாகவே பெருக்கியும் பிரித்தும் அமைத்தார்கள். அந்தத் தொலைவைக் கணக்கிட, டெலாம்பர், மெஷேன் என்ற வானியலாளர் இருவர் 1792இல் புறப்பட்டு, பிரான்சின் வடகோடி டன்கிர்க் முதல் ஸ்பெயினின் பார்சிலோனா வரை ஏறத்தாழ ஏழாண்டுகள் அளந்தார்கள். (தம் கணக்கில் கண்ட ஒரு முரண்பாட்டை வெளியே சொல்லாமல் மெஷேன் சாகும்வரை மனம் புழுங்கியது தனிக்கதை.) மக்கள் பார்த்துப் பழகுவதற்காகப் பாரிஸ் தெருச்சுவர்களில் பளிங்கு மீட்டர்கள் பதிக்கப்பட்டன, வோஜிரார் தெருவில் ஒன்றை இன்றும் காணலாம். ஆனாலும் மக்கள் எளிதில் மாறவில்லை. 1812இல் நெப்போலியன் பழைய அளவைப் பெயர்களுக்கு இடம் கொடுத்தார். மீட்டர் மீண்டும் கட்டாயமானது 1840இல்தான்.

இந்தியா 1956இல் இந்த மீட்டர் முறைக்குச் சட்டம் இயற்றியது. அதே பத்தின் கணக்கில், பதினாறு அணா ரூபாயும் 1957 ஏப்ரல் 1 முதல் நூறு நயா பைசா ஆனது. ஆனால் ஐம்பது காசை எட்டணா என்று சொல்லும் வழக்கம் எளிதில் போகவில்லை. மீட்டரில் வாங்கிய துணியையும் தையற்காரர் அங்குல நாடாவால்தான் அளக்கிறார். புதுக்கருத்து வந்தவுடன் பழையது வீட்டைக் காலி செய்துவிடுவதில்லை.

கேள்வி: அப்படியானால் நேரத்தை மட்டும் ஏன் பத்துப் பத்தாகப் பிரிக்கவில்லை?
– வாசகர், மதுரை

பதில்: பிரித்தார்கள். 1793இல் பிரான்சின் புரட்சி அரசினர் நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்குப் பத்து நாள் என்று ஆணையிட்டார்கள். ஏழு நாளுக்கு ஒருமுறை கிடைத்த ஓய்வு பத்து நாளுக்கு ஒருமுறை ஆனதை உழைப்பவர் எப்படி வரவேற்பார்? மீட்டரை நிலைநிறுத்திய 1795ஆம் ஆண்டுச் சட்டமே பத்து மணிக் கடிகாரத்தை நிறுத்திவைத்தது. பத்து நாள் வாரத்தைக் கொண்ட நாட்காட்டியும் 1806 பிறந்தபோது விடைபெற்றது.