நீச்சலுடை, சவரம், அரைஞாண் கயிறு: பெரியவர்கள் கேட்ட கேள்விகள்

சேலத்தில் விடிவதற்கு முன்பே குளத்துக்கு வந்துவிடும் ஒரு கூட்டம் உண்டு. பாதிப்பேர் கிணற்றில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் கற்றவர்கள். இப்போது அவர்களில் பலர் மாஸ்டர்ஸ் என்னும், 25 வயதைத் தாண்டியவர்களுக்கான நீச்சல் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நான் பல ஆண்டுகளாக அந்தப் போட்டிகளில் நீந்துகிறவன், நேரம் குறிக்கும் வேலையும் பார்த்தவன். நேரில் கேட்கக் கூச்சப்பட்டு அவர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கன்னங்குறிச்சி, வயது 47: பருத்தி அரைக்கால் சட்டையோடுதான் இதுவரை நீந்தியிருக்கிறேன். போட்டிக்கு அது போதாதா?

போதாது ஐயா. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். சுவரை உதைத்துக் கிளம்பும்போது சட்டையின் கால் பகுதி பை போல விரிந்து உங்களைப் பின்னால் இழுக்கும். ஆண்களுக்கான விதி எளிது: உடை தொப்புளுக்கு மேலே ஏறக்கூடாது, முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. ஜட்டி வடிவமும் சரி, முழங்கால் வரை இறுகப் பிடிக்கும் ஜாமரும் சரி. இடுப்பில் கட்டும் நாடா இருக்கலாம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உடை அணியக்கூடாது. முதல் போட்டிக்குச் சாதாரண ஜாமர் போதும், விலை உயர்ந்ததைத் தேடி அலையாதீர்கள்.

குகை, வயது 44: அமெரிக்காவிலிருக்கும் மைத்துனர் தம்முடைய பழைய பந்தய உடையைக் கொடுத்தார். தோள் முதல் கணுக்கால் வரை மூடும், முதுகில் ஜிப் இருக்கிறது, ரப்பர் போல வழவழப்பாக இருக்கிறது. அணியலாமா?

கூடாது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது 2008, 2009 காலத்து உடை. அப்போது பாலியூரித்தேன் என்னும் ரப்பர் போன்ற பொருள் கலந்த உடைகள் உடலை இறுக்கிப் பிடித்து, காற்றையும் தேக்கி, நீந்துகிறவரைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்க வைத்தன. 2009இல் ரோமில் நடந்த உலக நீச்சல் போட்டியில் மட்டும் 43 உலகச் சாதனைகள் வீழ்ந்தன. அங்கேதான் ஜெர்மனியின் பால் பீடர்மன் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸை முந்தி 1:42.00 நேரத்தில் முடித்தார். வென்றது ஆளா, உடையா என்று உலகமே கேட்டது. 2010 ஜனவரி 1 முதல் அத்தகைய உடைகளுக்குத் தடை வந்தது. இப்போது உடை நெய்த துணியால் ஆனதாக இருக்கவேண்டும், தடிமன் 0.8 மில்லிமீட்டருக்கு மிகக்கூடாது, ஜிப் கூடாது. உலக நீச்சல் அமைப்பின் ஒப்புதல் முத்திரை உடையிலேயே பதிந்திருக்கும், வாங்கும்போது அதைப் பாருங்கள். அந்தத் தடை சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். பணம் கொடுத்து வாங்கும் மிதப்பு, உழைத்து நீந்துகிறவனுக்குச் செய்யும் அநியாயம். மைத்துனர் கொடுத்ததை அன்பின் நினைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

அஸ்தம்பட்டி, வயது 38, பெண்: பயிற்சியில் லெக்கிங்ஸும் டிஷர்ட்டும் போட்டுத்தான் நீந்துகிறேன். போட்டியில் தொடை தெரிய நிற்கவேண்டுமோ என்ற பயத்திலேயே இரண்டு முறை பெயர் கொடுக்காமல் விட்டுவிட்டேன்.

சகோதரி, இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம் என்று தோன்றியது. தொடை தெரியவேண்டிய அவசியமே இல்லை. பெண்களின் உடை முழங்கால் வரை வரலாம். கழுத்தை மூடக்கூடாது, தோளைத் தாண்டிக் கைக்கு இறங்கக்கூடாது, முழங்காலுக்குக் கீழே போகக்கூடாது. அந்த எல்லைக்குள் எவ்வளவு மறைக்க விரும்புகிறீர்களோ அவ்வளவும் உங்கள் உரிமை. கையும் மூடவேண்டும் என்று மத நம்பிக்கையோ மருத்துவக் காரணமோ இருந்தால், போட்டி நடத்துகிறவர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். போட்டி நாள் காலையில் போய்க் கேட்டால் பதற்றம்தான் மிஞ்சும். கூப்பிடும் வரை மேலே ஒரு துண்டோ தளர்ந்த சட்டையோ போட்டிருக்கலாம். தயவுசெய்து மூன்றாவது முறையும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. முழங்கால் வரை வரும் பந்தய உடையை முதல்முறை அணியக் கால் மணி நேரமாவது ஆகும். காலில் ஒரு வழுவழுப்பான பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு உடையை ஏற்றினால் பாதம் சுலபமாக நுழையும். பிறகு பையை உருவிவிடுங்கள். நகத்தால் கிள்ளி இழுக்காமல் விரல் நுனியின் சதையால் தள்ளித் தள்ளி ஏற்றுங்கள். நகம் பட்ட இடத்தில்தான் துணி கிழியும்.

ஏற்காடு, வயது 52: இங்கே குளிர் அதிகம். வெட்சூட் போட்டு நீந்தலாமா?

வெட்சூட் என்பது குளிர் தாங்க அணியும் தடித்த ரப்பர் உடை. பயிற்சிக்குத் தாராளமாகப் போடலாம். குளத்துப் போட்டியில் அனுமதி இல்லை. பந்தயக் குளத்தின் நீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்பது விதி, ஆகவே அங்கே அதற்குத் தேவையும் வராது.

செவ்வாய்ப்பேட்டை, வயது 41: உடம்பு முழுக்கச் சவரம் செய்தால் வேகம் கூடும் என்கிறார்கள். உண்மையா, வெறும் நம்பிக்கையா?

உண்மை இருக்கிறது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலிய வீரர்கள் உடலை மழித்துக்கொண்டு நீந்தினார்கள், அதன்பின் உலகமே பின்பற்றியது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஷார்ப்பும் காஸ்டிலும் 1989இல் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் (மார்பு நீச்சல்) நீந்துகிறவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். மழித்தபின் அதே வேகத்தில் நீந்தும்போது ரத்தத்தில் லாக்டேட் (தசை கடுமையாக உழைக்கும்போது சேரும் பொருள்) குறைந்தது, ஒரு வீச்சுக்கு அவர்கள் கடந்த தூரம் கூடியது, சுவரை உதைத்துச் சறுக்கும்போது வேகம் மெதுவாகவே குறைந்தது. ஆனால் கயிற்றில் கட்டி ஒரே இடத்தில் நீந்தவைத்தபோது வித்தியாசம் இல்லை. பலன் நீரின் இழுவை குறைவதால் வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இழுவைக்கு அப்பால் உணர்வு என்று ஒன்று இருக்கிறது. மயிரோடு தோலின் மேல் கிடக்கும் இறந்த செல்களும் போய்விடுகின்றன. முதன்முதலாக மழித்துக்கொண்டு நீரில் இறங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தறியிலிருந்து இறக்கிய புதுத் துணியில் விரலை ஓட்டினால் இழை இழையாகத் தெரியுமே, அப்படி முன்கையின் மேல் தண்ணீர் ஓடுவது தெரிந்தது. முழங்கை சரிந்த ஒவ்வொரு முறையும் கையே எனக்குச் சொன்னது.

எனவே பயிற்சி நாட்களில் மழிக்காதீர்கள். ஆண்டில் ஒன்றிரண்டு பெரிய போட்டிக்கு மட்டும் வைத்துக்கொண்டால்தான் அந்த வித்தியாசம் தெரியும். திரும்புதலும் மூச்சும் இன்னும் சரியாகாதவர் ரேசரைத் தொடவே வேண்டாம். அவற்றைச் சரிசெய்தால் மிச்சமாகும் நொடிகள் இதைவிட மிக அதிகம். மழிக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. யாராவது கட்டாயப்படுத்தினால் மறுத்துவிடுங்கள்.

ஜங்ஷன், வயது 29: எப்போது, எப்படி?

முதல்நாள் இரவு, தம்பி. போட்டியன்று காலையில் வேண்டாம். ஒருமுறை நான் காலையில் அவசரமாக மழித்துக்கொண்டு போனேன். குளோரின் நீர் பட்டதும் கணுக்காலிலும் முழங்கால் மடிப்பிலும் மிளகாய்த்தூள் தூவியது போல எரிந்தது.

முதலில் டிரிம்மரால் மயிரைக் குறுக்குங்கள். வெந்நீரில் குளித்து, சோப்பு நுரையோ சவர கிரீமோ தடவி, புது பிளேடால் மயிர் சாயும் திசையிலேயே இழுங்கள். கை, கால், மார்பு போதும். முதுகுக்கு வீட்டில் ஒருவர் உதவட்டும். அடுத்தவர் ரேசரைத் தொடாதீர்கள். குளத்தின் குளியலறையில் மழிப்பது அசுத்தம், ஆபத்து. மழித்தபின் எண்ணெய் பூசிக்கொண்டு குளத்தில் இறங்காதீர்கள். வாக்ஸிங் என்றால் இரண்டு மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

அம்மாப்பேட்டை, வயது 58: எனக்குச் சர்க்கரை இருக்கிறது. மழிக்கலாமா?

ரேசர் வேண்டாம் ஐயா, குறிப்பாகக் காலில். சின்னக் கீறல்கூட உங்களுக்கு ஆற நாளாகும், கிருமியும் ஏறலாம். டிரிம்மரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சூரமங்கலம், வயது 50: மீசையை எடுக்கவேண்டுமா?

வேண்டாம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் மார்க் ஸ்பிட்ஸ் மீசையோடு நீந்தி ஏழு தங்கம் வென்றார். ஏழும் உலகச் சாதனை.

பெயர் எழுதாத சீட்டு: அரைஞாண் கயிறு, கொலுசு, தாலி இவற்றை என்ன செய்வது?

அரைஞாண் கயிறு உடைக்குள் அடங்கினால் தொந்தரவு இல்லை. வெள்ளி அரைஞாண் என்றால் கழற்றுங்கள், இறுகிய உடைக்குள் அது தோலை அறுக்கும். கொலுசைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். குளோரினில் வெள்ளி கறுத்துப்போகும், திரும்பும்போது பக்கத்துத் தடத்தில் வருகிறவரைக் கீறவும் கூடும். செவ்வாய்ப்பேட்டையில் பார்த்துப் பார்த்து வாங்கியதை ஏன் பாழாக்குகிறீர்கள்? தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் மஞ்சள் கயிற்றில் கோத்து உடைக்குள் செருகிக்கொள்கிறார்கள், அது நல்ல வழி. ஏரி, கடல் போன்ற திறந்தநீர்ப் போட்டிகளில் மட்டும் நகையையும் நகத்தையும் முன்பே சோதிப்பார்கள்.

ஓமலூர், வயது 54: வரும் நவம்பரில் 55 முடிகிறது. போட்டி ஆகஸ்டில். எந்தப் பிரிவு?

55–59. மாஸ்டர்ஸில் அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று என்ன வயதோ அதுதான் கணக்கு. பிரிவுகள் 25இலிருந்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் போகும். பிறந்த தேதியை ஆதாரில் உள்ளபடியே விண்ணப்பத்தில் எழுதுங்கள்.