முதலில் அவர் வீட்டுக்குப் போங்கள்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் தளத்தைப் பல வருஷமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நான் பொருளாளராக இருந்தேன். போன வருஷம் அசனம் (சபை விருந்து) முடிந்து நடந்த கூட்டத்தில், என்னோடு கூடப்பிறந்தவர் மாதிரிப் பழகிய ஒரு அக்கா எல்லார் முன்னாலும் எழுந்து, "அரிசிக் கணக்கு எனக்குச் சரியாகப் படல, ரசீதையெல்லாம் யார் பார்த்தது?" என்று கேட்டுவிட்டார். ரசீது எல்லாம் என்னிடம் இருந்தது. மறுநாளே எங்கள் போதகர் ஐயரிடம் கொண்டுபோய்க் காட்டினேன், அவரும் சரியாக இருக்கிறது என்றார். ஆனால் அந்த அக்கா இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பொறுப்பை விட்டுவிட்டேன், பாடகர் குழுவுக்கும் போவதில்லை. திருவிருந்து ஆராதனையில் (அப்பமும் ரசமும் பெறும் ஆராதனை) ஒருவருக்கொருவர் கை கொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் நான் திரும்பிப் பின்வரிசைப் பிள்ளைகளுக்குக் கை கொடுத்துவிடுவேன். அவரும் என் பக்கம் வர மாட்டார். நான் மனசில் மன்னித்துவிட்டேன், அவருக்காக ஜெபிக்கவும் செய்கிறேன். ஆனால் அவரைக் கண்டாலே படபடவென்று வருகிறது. ஐயர் "ஜெபம் பண்ணுங்க, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்கிறார். சங்கத்தில் நாலைந்து பேர் என் பக்கம் நிற்கிறார்கள். என் வீட்டுக்காரர் வேறு சபைக்குப் போய்விடலாம் என்கிறார். மன்னித்த பிறகும் போய்ப் பேசித்தான் ஆக வேண்டுமா? சபை மாறினால் தவறா?

ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரி,

ஸ்தோத்திரம். உங்கள் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். வேறு சில விவரங்களையும் குறைத்திருக்கிறேன், ஏனென்றால் இது உங்கள் கடிதம் மட்டுமில்லை, அந்த அக்காவைப் பற்றியதும்கூட. அவர் தரப்பை நானோ வாசிப்பவர்களோ கேட்டதில்லை.

ஆமாம், போய்ப் பேசத்தான் வேண்டும். அதுவும் நீங்கள்தான் போக வேண்டும், அவர் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இது என் சொந்த யோசனை இல்லை. "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" என்று மத்தேயு 18ஆம் அதிகாரம் 15ஆம் வசனத்தில் ஆண்டவர் சொல்லியிருக்கிறார். நம்முடைய சபைகளில் இந்தப் பகுதியை எடுத்தாலே பேச்சு 17ஆம் வசனத்துக்குப் போய்விடுகிறது, யாரைச் சபையைவிட்டு விலக்கலாம் என்று. 15ஆம் வசனத்தைச் செய்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? உங்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனவருத்தம் உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியும், ஐயருக்குத் தெரியும், சங்கத்தில் நாலைந்து பேருக்குத் தெரியும், இப்போது எனக்கும் தெரியும். உங்கள் வாயிலிருந்து அதைக் கேட்காத ஒரே ஆள் அந்த அக்காதான்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன், அது பொய்யென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் மன்னிப்பைத் தனியாக, கதவை அடைத்துக்கொண்டு, தேவனுக்கு முன்பாகச் செய்துவிட முடியும். உறவு சரியாவதற்கு இரண்டு பேர் வேண்டும். நீங்கள் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் ஆகிவிட்டதாக நினைக்கப் பார்க்கிறீர்கள், உடம்போ அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று படபடக்கிறது. ஜெபத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. போவதற்கு முன் ஜெபியுங்கள், வந்த பிறகும் ஜெபியுங்கள். போகாமலிருப்பதற்கு மட்டும் ஜெபத்தைக் காரணம் சொல்லாதீர்கள். ஐயர் சொன்னது நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் ஒரு சேகரத்தின் (போதகரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதி) போதகர் இரண்டு சகோதரிகளை வருஷக்கணக்கில் இப்படியே விட்டுவைக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

இதை நான் காட்டமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1662ஆம் வருஷத்து ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஜெபப் புத்தகத்தில், திருவிருந்து ஒழுங்குக்கு முன்னால் குருவானவருக்கு ஒரு கட்டளை இருக்கிறது. இரண்டு பேருக்குள் பகையும் வெறுப்பும் இருப்பது தெரிந்தால், அவர்கள் ஒப்புரவானார்கள் என்று அறியும்வரை திருவிருந்துப் பந்திக்குச் சேர்க்கக் கூடாது. ஒருவர் மனதார மன்னித்துத் தன் பக்கத்துத் தவறுக்கும் ஈடுசெய்ய ஆயத்தமாக இருந்து, மற்றவர் பிடிவாதமாக நின்றால், ஆயத்தமானவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், பிடிவாதக்காரரை அல்ல. யார் சரி என்று அந்தக் கட்டளை கேட்கவே இல்லை, யார் ஆயத்தமாக இருக்கிறார் என்றுதான் கேட்கிறது. இன்றைக்கு இதை எழுத்துக்கு எழுத்து நடைமுறைப்படுத்தினால் நம் சபைகள் பலவற்றில் பந்தி காலியாக இருக்கும் என்று பயப்படுகிறேன்.

நீங்கள் சொன்ன அந்தச் சமாதானம் சொல்லும் நேரமும் சும்மா வந்ததில்லை. தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது. வெவ்வேறு மிஷன் சபைகளிலிருந்து வந்தவர்கள் ஒரே சபையாகச் சேர்ந்தார்கள். 1950இல் வந்த அதன் திருவிருந்து ஒழுங்கில், ஆதிச் சபையில் இருந்த சமாதானம் பரிமாறும் வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். குருவானவரிடமிருந்து தொடங்கி, ஒருவர் கையை ஒருவர் இரண்டு கைகளாலும் பொதிந்து பிடித்து வரிசை வரிசையாகக் கடத்துவது. அது காணிக்கைக்கு முன்னால் வருகிறது, கவனித்தீர்களா? காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் இருக்கிறதே, அதே வரிசை. அங்கே குறை இருப்பது அவனுக்கு, 18இல் குறை இருப்பது உனக்கு, ஆனால் இரண்டிலும் எழுந்து போக வேண்டியது நீதான். பின்வரிசைப் பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுக்கிற கையில் தப்பில்லை. அது போக வேண்டிய இடம் வேறு.

சரி, அந்த அக்கா கேட்ட கேள்விக்கு வருவோம், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. "ரசீதை யார் பார்த்தது" என்பது உங்கள் காதில் "நீ திருடி" என்று விழுந்திருக்கிறது. அவர் அப்படித்தான் நினைத்துக் கேட்டாரா? இருக்கலாம். ஆனால் சங்கப் பணம் பொதுப் பணம், அதைப் பற்றிக் கூட்டத்தில் கேட்க யாருக்கும் உரிமை உண்டு. ஒருவரே பணம் வாங்கி, ஒருவரே அரிசி வாங்கி, ஒருவரே கணக்கு எழுதுகிற முறையைத்தான் அவர் கேட்டாரோ என்னவோ, பல சங்கங்களில் அப்படித்தானே நடக்கிறது. முந்தின நாள் உங்கள் வீட்டுக்கு வந்து, "இந்தக் கணக்கைக் கொஞ்சம் காட்டு" என்று கேட்டிருக்க வேண்டும், அதை அவர் செய்யவில்லை. அது அவர் பக்கத்துத் தவறு, சிறிய தவறும் அல்ல. கேள்வி நியாயமாக இருந்து கேட்ட விதம் தவறாக இருக்கலாம், அல்லது இரண்டுமே தவறாக இருக்கலாம். எது என்று அவர் ஒருவரால்தான் சொல்ல முடியும். நீங்கள் கேட்காதவரை உங்கள் மனசு அவருக்குப் பதிலாகப் பேசிக்கொண்டேதான் இருக்கும்.

போகும்போது தனியாகப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வேண்டாம், அவர் வீட்டில் விருந்தாட்கள் இருக்கிற நேரமும் வேண்டாம். முன்கூட்டி போன் செய்து, "அக்கா, சாயங்காலம் வரட்டுமா, ஒரு விஷயம் பேசணும்" என்று மட்டும் சொல்லுங்கள். ரசீதுக் கட்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், நீங்கள் வழக்காடப் போகவில்லை. அன்றைய கூட்டத்தை மட்டும் பேசுங்கள், அதற்கு முந்தின கல்யாணத்தில் அவர் முகங்கொடுத்துப் பேசாததையெல்லாம் இழுக்க வேண்டாம். "எல்லார் முன்னாலும் நீங்க அப்படிக் கேட்டது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு அக்கா, என்ன நினைச்சு கேட்டீங்கன்னு தெரிஞ்சுக்கணும்." இவ்வளவு போதும். அப்புறம் வாயை மூடிக்கொண்டு அவரைப் பேச விடுங்கள். கஷ்டமானது அதுதான். அவர் உங்களிடம் குறை என்று எதையாவது சொன்னால், அதில் பாதி உண்மையாக இருந்தாலும் அந்தப் பாதிக்கு உடனே மன்னிப்புக் கேளுங்கள். மீதிப் பாதியைப் பற்றி அன்றைக்கே வாதாட வேண்டாம்.

போவதற்கு முன்னால் சிலவற்றை நிறுத்த வேண்டியிருக்கும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "உனக்கு விரோதமாய் உருவாக்கப்படும் எந்த ஆயுதமும் வாய்க்காதேபோம்" என்று போடுகிற பழக்கம் நம்மிடம் வந்திருக்கிறது. ஏசாயாவின் அந்த அருமையான வாக்குத்தத்தம் அக்கா வீட்டு போனில் போய் ஜாடைப் பேச்சாக விழுகிறது. நீங்கள் போட்டீர்களா என்று எனக்குத் தெரியாது, போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். வீட்டு ஜெபக் கூட்டத்தில் "எனக்கு மனவேதனை தந்த ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள்" என்பதும் அப்படித்தான். யார் அந்தச் சகோதரி என்று ஆமென் சொல்லி முடிப்பதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

உங்கள் பக்கம் நிற்கிற நாலைந்து பேரைப் பற்றியும் யோசியுங்கள். திருமண்டலத் (பேராயரின் கீழுள்ள சபைகளின் வட்டாரம்) தேர்தல் வந்தால் நம் சபைகள் அணி அணியாகப் பிரிவது உங்களுக்குத் தெரியும். இரண்டு பெண்களுக்குள் வந்த மனத்தாங்கல் ஒரு அணியின் கைக்குப் போய்விட்டால், நீங்கள் இருவரும் சமாதானமாக நினைத்தாலும் மற்றவர்கள் விட மாட்டார்கள், ஏனென்றால் உங்கள் சண்டையில் அவர்களுக்கு ஓட்டு இருக்கிறது. உங்களுக்காகப் பேச வருகிறவர்களிடம், "நான் அவர்களைப் பார்த்துப் பேசப்போகிறேன், அதுவரை இதைப் பற்றிப் பேச வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். அன்புள்ளவர் சந்தோஷப்படுவார்.

முதல் தடவை பேச்சு சரியாக அமையாவிட்டால், அடுத்தது ஒருவர் இருவரைக் கூட்டிக்கொண்டு போவது. இவர்கள் உங்கள் ஆட்களாக இருக்கக் கூடாது. பிலிப்பி சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள், இருவரும் சுவிசேஷ வேலையில் அப்போஸ்தலன் பவுலோடு பாடுபட்டவர்கள். சபை நடுவில் வாசிக்கப்படப்போகிற நிருபத்தில் இருவர் பெயரையும் எழுதுகிறார் பவுல், இருவருக்கும் தனித்தனியாகப் புத்தி சொல்கிறார், சண்டை எதைப் பற்றி, யார் மேல் பிழை என்று மூச்சுவிடவில்லை. பிறகு, இவர்களுக்கு உதவியாயிரு என்று வேறொருவரைக் கேட்டுக்கொள்கிறார். உங்கள் சபையிலும் இரண்டு வீட்டுக்கும் வேண்டியவர், வெளியே பேசாதவர், ஒரு பழைய உபதேசியாரோ (போதகருக்கு உதவும் சபை ஊழியர்) ஓய்வுபெற்ற டீச்சரோ, கண்டிப்பாக இருப்பார்.

வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தனியாகப் போய்ப் பேசு என்பது இப்படிப்பட்ட மனத்தாங்கலுக்குத்தான். வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடமோ, ஊழியக்காரரால் பாலியல் தொல்லைக்கு ஆளானவரிடமோ, பிள்ளைகளுக்குத் தீங்கு நடந்த இடத்திலோ மத்தேயு 18ஐ நீட்டாதீர்கள். அங்கே போக வேண்டியது போலீஸுக்கு. சபையின் பெயர் கெடும் என்று மூடிவைப்பது சமாதானம் ஆகாது.

எல்லாம் செய்தும் அந்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டால்? "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்று ரோமர் 12இல் எழுதியவருக்கே எல்லா நேரமும் கூடிவரவில்லை. மாற்குவை ஊழியப் பயணத்தில் கூட்டிக்கொண்டு போவதா என்ற விஷயத்தில் பவுலும் அவரோடு ஊழியம் செய்த பர்னபாவும் கடுங்கோபமாகிப் பிரிந்தே போனார்கள். வருஷங்கள் கழித்து அதே மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அதனால் சபை மாறுவதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பேசிப் பார்க்காமல் போனால் இந்தப் படபடப்பும் கூடவே புதுச் சபைக்கு வரும், அங்கேயும் யாராவது ஒருநாள் கணக்கைக் கேட்கத்தான் செய்வார்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் சபை மாற்றப் பேச்சை இரண்டு மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அதற்குள் போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தை வெளியிட மாட்டேன்.