அப்பாவின் பி.எஸ்.ஏ. குறைந்திருக்கிறதே, பயாப்ஸி தேவையா?

66 வயது அப்பாவுக்குப் போன வருடம் பி.எஸ்.ஏ. (பிராஸ்டேட் புற்றுநோய் இருக்குமோ என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் எண்) 6.8, இப்போது 5.1. எம்.ஆர்.ஐ.யில் பை-ராட்ஸ் (படத்தைப் பார்த்துப் புற்றுநோய்ச் சந்தேகத்துக்கு 1 முதல் 5 வரை போடும் மதிப்பெண்) 3, பிராஸ்டேட்டின் அளவு 50 மி.லி. ஒரு யூராலஜிஸ்ட் பயாப்ஸி எடுத்துவிடலாம் என்கிறார், இன்னொருவர் ஆறு மாதம் பொறுங்கள் என்கிறார், யார் பேச்சைக் கேட்பது என்று ஒரு மகன் கேட்டிருக்கிறார். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: முதல் டெஸ்ட் முடிந்ததிலிருந்து, சிறுநீர் தாராளமாகப் போக, அப்பா தினமும் ராத்திரி டாம்சுலோசினும் டியூட்டாஸ்டெரைடும் சேர்ந்த மாத்திரை போடுகிறார்.

விஷயமே அந்த வரியில்தான் இருக்கிறது. டியூட்டாஸ்டெரைடு ஆறு மாதத்துக்கு மேல் போனால் பி.எஸ்.ஏ.யை ஏறக்குறைய பாதியாக்கிவிடும், புற்றுநோய் இருந்தாலும் எண் கீழேதான் காட்டும். அதாவது உங்கள் அப்பாவுக்கு 6.8 இப்போது 3.4 பக்கம் வந்திருக்க வேண்டும், 5.1 என்றால் இரண்டால் பெருக்கி 10.2 என்று படிக்க வேண்டும். லேபுக்கு மாத்திரை விவரம் தெரியாது, ரிப்போர்ட்டில் வெறும் 5.1தான் வரும். (மருந்து என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் சுகர், பிரஷர் மாத்திரைகளை மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.)

பை-ராட்ஸ் 3 என்றால் புற்றுநோய் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று அர்த்தம், அதை வைத்து எந்தப் பக்கமும் சாய முடியாது. அங்கேதான் பி.எஸ்.ஏ. அடர்த்தி பார்ப்பார்கள்: பி.எஸ்.ஏ.யைப் பிராஸ்டேட் சுரப்பியின் அளவால் வகுப்பது. 5.1ஐ 50ஆல் வகுத்தால் 0.10, பொறுக்கலாம். 10.2ஐ வகுத்தால் 0.20, 0.15 என்ற எல்லைக்கு மேல் போய்விட்டது, பயாப்ஸி பக்கம் சாய்கிறது. இரண்டு டாக்டர்களும் முரண்பட இதுவே காரணமாக இருக்கலாம்.

என்னைக் கேட்டால், பயாப்ஸி எடுத்துவிடுங்கள். அதற்கு முன் யூரின் கல்ச்சர் பாருங்கள், தொற்று இருந்தால் அதுவே பி.எஸ்.ஏ.யை ஏற்றிவிடும், சரியாகி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அதே லேபில் பி.எஸ்.ஏ.யைத் திரும்ப எடுக்க வேண்டும். பயாப்ஸி ஊசி மலக்குடல் வழியாகவா, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் தோல் வழியாகவா என்று கேளுங்கள், இரண்டாவதில் தொற்று பயம் குறைவு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போடுகிறார் என்றால் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. புற்றுநோய் என்றே வந்தாலும் கிளீசன் 6 (தீவிரம் குறைந்த வகை) என்றால் பெரும்பாலும் உடனே ஆபரேஷன் கிடையாது, கண்காணிப்புதான்.

அப்புறம், பொறுக்கச் சொன்ன டாக்டரிடம் மாத்திரை அட்டையைக் காட்டி, "சார், 5.1ஐ இரட்டிப்பாக்கிப் பார்த்தீர்களா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அப்பா மாத்திரையை நடுவில் விட்டுவிட்டுப் போட்டவர் என்றால் இந்தக் கணக்கே மாறும், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.